இரண்டாம் பாகம் எங்கே?

கல்முனைக் கடைத்தெருவுக்குச் சென்று ஒலுவிலுக்கு நான் திரும்பும்போதெல்லாம் என் உம்மா வாசலில் வைத்தே கேட்கும் கேள்வி ஒன்று இருந்தது: "மத்தது வந்திட்டா மகன்?"

"மத்தது" என்று அவர் குறித்தது மருந்தையோ வீட்டுச் சாமானையோ அன்று. தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இரண்டாம் பாகத்தையே அவர் அவ்வாறு குறிப்பிட்டார். தொண்ணூறுகளின் இறுதியில் அத்தொடர் ஒளிபரப்பானபோது, மின்வெட்டும் நாட்டு நிலைமையும் காரணமாக எங்கள் வீட்டார் அதைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடியவில்லை. மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த டெக்கில், கிடைத்த அங்கங்களையெல்லாம் என் ராத்தா ஒளிநாடாக்களிற் பதிந்து வைத்தார். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அந்நாடாக்களும் போயின. உயிர்கள் போன நாளில் நாடாக்களைப் பற்றிப் பேசுவது தகாது. எங்கள் வீட்டில் எவரும் பேசவுமில்லை.

ஈராண்டின் பின்னர், கல்முனையில் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் அதே தொடர் பன்னிரண்டு இறுவட்டுகள் கொண்ட பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கக் கண்டேன். பெட்டியின் மேல் பொன்னிற எழுத்தில் "முதற் பாகம்" என்றிருந்தது. தொடரில் உள்ள அங்கங்கள் மொத்தம் எத்தனை, இப்பெட்டியில் உள்ளவை எத்தனை என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதற் பாகம் என்றால் இரண்டாம் பாகமும் உண்டு என்று நம்புவதுதானே மனித இயல்பு! வாங்கி வந்தேன். உம்மா பன்னிரண்டையும் பார்த்தார். கதாநாயகி தனக்கு வந்த கடிதத்தின் உறையைக் கிழிக்கக் கையை வைக்கிறாள். அவ்விடத்திற் பன்னிரண்டாவது இறுவட்டு முடிந்தது. இரண்டாம் பாகம் அன்றும் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை.

நிற்க. தொலைக்காட்சித் தொடர் ஒன்று பாதியில் நின்றதற்காக இலக்கியப் பக்கத்தில் ஒரு கட்டுரையா என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். தொடர்களுள் பெரும்பாலானவை அழுகையும் சூழ்ச்சியும் நிறைந்த வெறும் பொழுதுபோக்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தொடர்கதை என்னும் வடிவத்தை இழிவாகப் பேசத் தமிழ் வாசகருக்கு உரிமை குறைவு. கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் துண்டு துண்டாக வந்த கதையே. பின்னர் அது ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்றது. முதற் பாகமாகிய "புது வெள்ளம்" விற்பனையாகியபின், "எஞ்சிய நான்கும் எமக்குக் கட்டுபடியாகா" என்று பதிப்பாளர் வாளாவிருந்திருந்தால், அதை நாம் வியாபாரம் என்று ஏற்றுக்கொண்டிருப்போமா? வந்தியத்தேவனை வழியிலே நிறுத்திவிட்டார்கள் என்று தமிழுலகம் கொதித்தெழுந்திருக்கும். அச்சுக்கு ஒரு நியாயம், திரைக்கு வேறொரு நியாயம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்குறை எங்கள் கடைத்தெருவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் "மர்பி பிரவுன்" என்னும் தொடர் 1988 முதல் 1998 வரை பத்துப் பருவங்கள் ஓடிப் பெயர் பெற்றது. 2005 இல் அதன் முதற் பருவம் மாத்திரம் இறுவட்டுகளாக வெளிவந்தது. அவ்வரிசை அத்துடன் நின்றது. வானொலி நிலையமொன்றைக் களமாகக் கொண்டு 1978 முதல் 1982 வரை வெளியான "டபிள்யூ. கே. ஆர். பி. இன் சின்சினாட்டி" என்னும் தொடருக்கோ வேறொரு விதமான ஊனம் நேர்ந்தது. அக்காலத்துப் புகழ்பெற்ற பாடல்களே அதன் உயிர்நாடி. 2007 இல் முதற் பருவம் விற்பனைக்கு வந்தபோது, அப்பாடல்களுட் பல நீக்கப்பட்டு, பெயர் தெரியாத இசை அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கையில் அங்கங்கள் குறையவில்லை. ஆனால் இரசிகர்கள் நெஞ்சில் வைத்திருந்த தொடர் அதுவன்று.

இவற்றின் காரணத்தையும் நேர்மையோடு கூறவேண்டும். அக்காலத்தில் பாடல்களுக்குப் பெற்ற அனுமதி, பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டுமே உரியதாயிருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கும் பொருளாக அத்தொடர் ஒருநாள் விற்கப்படும் என்பதை ஒப்பந்தம் எழுதியோர் எண்ணியிருக்கவில்லை. ஆகவே விற்பனைக்கு வந்தபோது ஒவ்வொரு பாடலுக்கும் புதிதாக விலை பேசவேண்டியதாயிற்று. முதற் பெட்டி போதிய அளவு விற்பனையாகாவிடின் அடுத்த பெட்டிக்கு முதல் போட எவரும் முன்வரமாட்டார். வணிகருக்கும் வயிறு உண்டு. இதனை இரசிகர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் கட்டுபடியாகாது என்பதே கடைசித் தீர்ப்பன்று என்பதற்கும் சான்றுகள் உண்டு. பாடல் உரிமைச் சிக்கலினால் நெடுங்காலம் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த "த வொண்டர் இயர்ஸ்" தொடர், ஒளிபரப்பு முடிந்து 21 ஆண்டுகளின் பின், 2014 இல் தன் 115 அங்கங்களோடும் வெளிவந்தது. முற்கூறிய வானொலி நிலையத் தொடரையும் அதே ஆண்டில் வேறொரு நிறுவனம், பழைய பாடல்களுட் பெரும்பாலானவற்றை மீட்டு, முழுமையாக வெளியிட்டது. இரசிகர்களின் விடாப்பிடி இவற்றுக்கு உறுதுணையாயிற்று என்பதில் ஐயமில்லை.

குறை என்பது எப்போதும் குற்றமாகிவிடாது. பி. பி. ஸி. நிறுவனம் 1963 இல் தொடங்கிய "டொக்டர் ஹூ" தொடரின் முதல் ஆறாண்டுகளில் 253 அங்கங்கள் ஒளிபரப்பாயின. நாடாக்கள் விலையுயர்ந்தவையாயிருந்தமையாலும், மறு ஒளிபரப்புக்கு இனி இடமில்லை என்று கருதப்பட்டமையாலும் பல அழிக்கப்பட்டன. அவற்றுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் பல பத்தாண்டுகள் கடந்தும் கிடைக்கவில்லை. எனினும், அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் குரலை மட்டுமேனும் பதிந்துகொண்ட இரசிகர் சிலரின் புண்ணியத்தால், இழந்த அங்கங்கள் அனைத்தின் ஒலியும் எஞ்சியிருக்கிறது. 2013 இல் நைஜீரியாவின் ஜொஸ் நகரிலிருந்து ஒன்பது அங்கங்கள் மீட்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. எட்டு அங்கங்கள் கொண்ட "த இன்வேஷன்" என்னும் கதை 2006 இல் இறுவட்டாக வந்தபோது, காணாமற்போன இரண்டு அங்கங்களை எஞ்சிய ஒலிக்கேற்பச் சித்திரப்படமாக வரைந்து சேர்த்தனர். இழப்பை மறைக்கவில்லை. இழந்தது இது, நாம் இட்டு நிரப்பியது இது என்று வாங்குவோருக்குத் தெரிவித்தனர்.

இதைப் படிக்கும்போது தமிழ் மாணவர் எவருக்கும் ஏட்டுச் சுவடிகள் நினைவுக்கு வாராதிரா. பதிற்றுப்பத்து என்ற பெயரிலேயே பத்துப் பத்துகள் உண்டு என்னும் உறுதிமொழி இருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பவையோ எட்டுப் பத்துகளே. முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. 1904 இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடைத்த எட்டையும் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டு, நூல் முழுமையானதென்று காட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இரண்டாம் பத்து இரண்டாம் பத்தாகவே நிற்கிறது; முதற் பத்தின் இடம் வெறுமையாகவே கிடக்கிறது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்களின் எண்கள் பாடலின்றி நிற்கின்றன. அவ்வெற்றிடங்களைக் காணும் மாணவன், இங்கே ஏதோ ஒன்று இருந்தது என்று அறிந்து தேடப் புறப்படுகிறான். இல்லாததை இல்லை என்று எழுதி வைப்பதும் பதிப்பாளனின் பணியே. என் வீட்டிலுள்ள பெட்டியைச் செய்தவர்களுக்கோ ஏடு செல்லரிக்கவில்லை; ஆற்றிலும் போகவில்லை. முழுவதும் கையில் இருந்தும், ஒரு பாதியைத் தந்து, மற்றப் பாதியைப் பற்றி மௌனம் சாதித்தார்கள்.

என் உம்மா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் இளமையில் வீட்டில் சீறாப்புராணம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர். உமறுப் புலவரின் அக்காப்பியம் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஆயினும் நபிகள் நாயகம் அவர்களின் வரலாற்றை முற்றும் பாடாமலே நின்றுவிடுகிறது. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் "சின்னச் சீறா" என்று பாடினார். ஒருநாள் உம்மாவை ஆறுதற்படுத்தும் எண்ணத்தில், "சீறாவும் பாதியில் நின்றதுதானே உம்மா" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"புலவர்ர ஆயுசு முடிஞ்ச, அதால நின்ட. இவங்களுக்கு என்ன முடிஞ்ச மகன்?" என்றார்.

சீறா நின்றமைக்கு அறிஞர் காரணம் பலவாறு கூறுவர். அதுவன்று இங்கே விடயம். உம்மாவின் கேள்விக்கு என்னிடம் அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை. கல்கி 1954 இல் மறைந்தபோது "அமரதாரா" முற்றுப்பெறாதிருந்தது. தந்தையின் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். கலைஞன் மறைந்தால் மரைக்காயரோ மகளோ வந்து முடித்து வைக்கலாம். எழுதி, நடித்து, படம் பிடித்து, ஒளிபரப்பியும் முடிந்த ஒன்றை எவர் வந்து முடித்து வைப்பது?

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவேன். முதலாவது, பகுதி பகுதியாக வெளியிடுவோர், மொத்த அங்கங்கள் எத்தனை, இதில் உள்ளவை எவை, வெட்டப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் எவை என்பதை அட்டையிலேயே அச்சிடல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நேர்மை ஒன்றே போதும். இரண்டாவது, விற்பனையில் நம்பிக்கை இல்லாவிடின், முன்கூட்டியே வாசகரிடம் கேட்கலாம். சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டது கையொப்பம் வாங்கித்தானே! இத்தனை பேர் முற்பணம் தந்தால் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்திருந்தால், எங்கள் ஊரிலிருந்தே சிலர் தந்திருப்பார்கள். மூன்றாவது, நம் நாட்டில் அச்சிடப்படும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கும் கடமையை 1885 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. ஒளிபரப்பாகும் தொடர்களுக்கும் அத்தகைய கடமை வேண்டும். விற்பனைக்கு வராத தொடரையும், ஒரு நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ அமர்ந்து பார்க்கும் வாய்ப்பாவது மாணவருக்குக் கிட்டவேண்டும். எங்கள் ஒலுவிலிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்த் தொடர்கதையின் வரலாற்றை ஆராய விரும்பும் மாணவன் நாளை அங்கே என்னத்தைப் பார்த்து எழுதுவான்?

இறுவட்டின் காலமே முடிந்துவிட்டது, இனி எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்பார் உளர். கிடைக்கும், ஆனால் உரிமைக்காலம் முடிந்ததும் ஓரிரவில் மறைந்தும் போகும். பெட்டியாவது வாங்கியவன் வீட்டில் இருக்கும். இணையத்தில் உள்ளதோ வாடகை வீடு. மாலை நேரக் கதையை விட்ட இடத்திலிருந்து கேட்கக் காத்திருப்பவருக்குப் பாதியில் அறுந்த கதையின் வருத்தம் இரண்டிலும் ஒன்றே.

உம்மா 2012 இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில், மின்சாரம் நின்றுபோன ஓரிரவில், பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, அக்கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும், அதன்பின் அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதையும் அவரே சொல்லி முடித்தார். எல்லாம் அவருடைய கற்பனை. என் மகள் இன்றும் அந்த முடிவையே கதையின் முடிவாகக் கொண்டிருக்கிறாள். அது நல்ல முடிவுதான். ஆயினும் எழுதியவர் எழுதிய முடிவு எங்கோ ஓர் அறையில் தூசி படிந்து கிடக்கிறது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. கல்முனைக்குப் போகும்போது அந்தக் கடைப்பக்கம் இப்போதும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். அங்கே இன்று கைத்தொலைபேசிகள் விற்கிறார்கள்.