முழங்கால் வலி என்று சொன்ன பிள்ளை

தரம் 6இல் படிக்கும் பையன் ஒருவன் மூன்று மாதமாக நொண்டிக்கொண்டே பாடசாலைக்கு வந்தான். மேல் டிவிசன் லயத்திலிருந்து அத்தனை படியும் இறங்கி வரவேண்டும். பிந்தி வந்தான் என்று அவனை வெளியே நிற்க வைத்ததும் நாம்தான். முழங்கால் வலிக்கிறது என்றான். தோட்டத்து மருந்துச்சாலையில் பூசுமருந்து கொடுத்தார்கள். வீட்டில் எண்ணெய் போட்டு உருவினார்கள். கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது முழங்காலில் ஒரு குறையும் இல்லை. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை வழுகியிருந்தது.

இடுப்பில் உள்ள நோய் முழங்காலில் வலிக்கும். இரண்டு மூட்டுக்கும் போகும் நரம்பு ஒன்றுதான். இதை நாமும் அப்போதுதான் அறிந்தோம். வளரும் வயதில், 10 முதல் 16 வரை, இந்த வழுகல் வரும். நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளையை அதற்குமேல் நடக்கவிடக்கூடாது. ஆணி பூட்டி எலும்பை நிறுத்துவார்கள். பிந்தினால் மூட்டே கெட்டுப்போகும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, 4 முதல் 8 வயதுக்குள், அதிலும் ஆண்பிள்ளைகளுக்கு, எலும்புத் தலைக்கு இரத்தம் போவது குறைந்து அது நொறுங்கும் நோய் வரும். பேர்தெஸ் என்பார்கள். காய்ச்சலும் அடித்து, காலை ஊன்றவும் முடியவில்லை என்றால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டும்.

தாய்மார் கவனிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். கிளினிக் வேலை நாளில்தான். விடியமுன் பஸ் பிடிக்கவேண்டும். போனால் அன்றைக்குப் பேர் இல்லை. கொழுந்து கிலோ குறைந்தாலே அரைப்பேர் போடுகிற மலையில், ஒரு முழுநாளை விட்டுவிட்டு எந்தத் தாய் "சும்மா முழங்கால் வலி"க்காக டவுனுக்குப் போவாள்?

சம்பளத்துக்கும் வீட்டுக்கும் காணிக்கும் நாம் குரல் கொடுத்தோம். பிள்ளையின் கிளினிக் நாளுக்குப் பேர் கேட்டு நாம் ஒருநாளும் மேசையில் பேசவில்லை. அது நம்முடைய பிழை. கிளினிக் அட்டையைக் காட்டினால் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப்பேர் போடவேண்டும். நடக்கக்கூடாத பிள்ளைக்குத் தோட்டத்து வாகனம் கொடுக்கவேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இதை எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்கள் நாமும், நொண்டுகிற பிள்ளையைக் கண்டால் வெளியே நிறுத்தாமல் பெற்றோரைக் கூப்பிடுவோம். இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்கும்படி அவர்களிடம் சொல்லுவோம்.

பையனுக்கு ஆணி பூட்டியாயிற்று. ஊன்றுகோலோடு இருக்கிறான். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக். தாய்க்கு அன்றைக்குப் பேர் கேட்டுத் தோட்டத் தலைவர் பெரிய துரையிடம் போகிறார். நாமும் கூடப் போகிறோம்.