கண்ணாடி அலுமாரிக்குள் கிரெண்டைசர்: விலை கேட்பவர்களுக்கும் ஃபத்வா கொடுப்பவர்களுக்கும்



ஒரு கிழமையாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. சவூதியிலிருந்து கொண்டுவந்த கிரெண்டைசர் றோபோ பொம்மை. உடைக்காத பெட்டி, கண்ணாடி அலுமாரி, உள்ளே சின்ன லைட். படத்துக்குக் கீழே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "மாஷா அல்லாஹ், இப்ப என்ன விலை போகும்?" என்று கேட்கிறது. மற்றக் கட்சி, "இது சிலை, வீட்டுக்குள்ள மலக்கு வராது" என்று ஏசுகிறது. இருநூறு கருத்துக்கு மேல் வந்துவிட்டது. அந்தப் பொம்மை நல்லதா, கெட்டதா, எதனால் செய்தது, என்ன கதை சொல்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

படத்தைப் போட்ட சகோதரர் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. இப்படியான அலுமாரி ஊரில் ஒன்று மட்டுமல்ல. ஆனால் பொருளை மதிப்பிடும் முறையில் நாம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது பற்றிக் கதைக்காமல் இருக்க முடியாது.

முதலில் இந்தக் கிரெண்டைசர் யார் என்று பார்ப்போம். கோ நகாய் என்ற ஜப்பானியக் கலைஞர் உருவாக்கியது. தோயேய் நிறுவனம் 1975 ஒக்டோபர் முதல் 1977 பெப்ரவரி வரை 74 அத்தியாயங்கள் எடுத்தது. கதைப்படி அது 30 மீற்றர் உயரம், 280 தொன் எடை. அதை ஓட்டுபவன் டியூக் ஃபிலீட், ஓர் இளவரசன். வேகா படையினர் அவனுடைய கிரகத்தை அழித்துவிட்டார்கள். தப்பி பூமிக்கு வந்தவனை ஒரு விஞ்ஞானி தன் மகனாக வளர்க்கிறார். அவன் வேறு பெயரில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். சண்டை அவனுக்குப் பிடிக்காது. பழைய போரில் கையில் பட்ட காயம் அவனை விடுவதாயில்லை. வந்த இடத்தையும் அதே எதிரி அழிக்க வரும்போதுதான் மறுபடி அந்த றோபோவுக்குள் ஏறுகிறான்.

இது ஓர் அகதியின் கதை. 1979இல் லெபனானில் அரபு மொழிக் குரல் கொடுத்து இதை ஒளிபரப்பத் தொடங்கினார்கள். அப்போது அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பிறகு அரபு நாடுகள் பலவற்றிலும் ஒரு தலைமுறையே இதைப் பார்த்து வளர்ந்தது. அரபுப் பாட்டைப் பாடிய ஸாமி கிளார்க்கின் குரல் இன்றும் அந்தத் தலைமுறைக்குப் பாடம். வளைகுடாவில் வேலை செய்த நம்மவர்கள் சிலருக்கு இதன் மேல் வந்த ஆசையும் அங்கிருந்து வந்ததுதான்.

இனிப் பொம்மைக்கு வருவோம். 1972இல் வந்த மஸிங்கர் இசட் கதையில் றோபோ செய்யப்பட்ட கற்பனை உலோகத்தின் பெயர் சோகோகின், அதாவது மேலான கலப்புலோகம். 1974இல் பொப்பி நிறுவனம் அதே பெயரில் உலோகப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. உண்மையில் அது நாகக் கலப்புலோகம். உருக்கி உருக்கு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும், அழுத்தினால் கை பறக்கும். அது பிள்ளைகளுக்காகச் செய்தது. 1997இல் "சோல் ஒஃப் சோகோகின்" என்ற வரிசை வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய பிறகு அவர்களுக்காகச் செய்தது. கிரெண்டைசரும் அந்த வரிசையில் ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கிறது.

இப்படியான ஒன்றை எப்படி மதிப்பிட வேண்டும்? கையில் எடுத்துத்தான்.

முதலாவது, கனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலிலும் பாதத்திலும் உலோகம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். மேலே கனமாகவும் கணுக்கால் தளர்வாகவும் இருந்தால் எத்தனை விலை கொடுத்தாலும் குப்புற விழும். இரண்டாவது, மூட்டு. தொடையை மெதுவாக அசைத்தால் படிப்படியாகப் பிடித்து நிற்க வேண்டும். உலோகக் காலின் கனத்தைத் தாங்க முடியாத இடுப்பு மூட்டு நாளடைவில் ஆடும். மூன்றாவது, பூச்சு. இரண்டு பகுதி உரசும் இடத்தில்தான் பூச்சு முதலில் உதிரும். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்குபவர் ஏமாறுவார். நான்காவது, கதையில் உள்ளதைப் பொம்மை செய்கிறதா? தோளில் உள்ள இரண்டு பிறை அரிவாள்களும் கழன்று ஓர் ஆயுதமாகச் சேர வேண்டும். பறக்கும் தட்டோடு வரும் பதிப்பில் றோபோ அதற்குள் சரியாகப் பொருந்த வேண்டும். ஐந்தாவது, உரிமம். திருட்டு அச்சில் வார்த்த பிரதிகள் சந்தையில் நிறைய உண்டு. அதில் என்ன உலோகம், என்ன பூச்சு என்று எவரும் பொறுப்பேற்பதில்லை. அடுத்தவர் உழைப்பைத் திருடியது என்று தெரிந்தும் "மலிவாகக் கிடைத்தது" என்று வாங்குவதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஐந்தில் ஒன்றையும் மூடிய பெட்டியின் வெளியே நின்று சொல்ல முடியாது. அப்படியானால் "பெட்டி உடைக்கவில்லை, அதனால் பெறுமதி கூட" என்ற பேச்சு எதன் பெறுமதியைப் பற்றியது? கடதாசி மட்டையின் பெறுமதியைப் பற்றியது.

அந்தப் பெட்டி பொம்மையைப் பாதுகாக்கிறது என்றும் நம்ப வேண்டாம். நமது ஊரின் வெயிலும் உப்பளக் காற்றும் எப்படி என்று நமக்குத் தெரியும். மென்மையான பீவீசி பகுதிகளில் கலந்திருக்கும் மிருதுவாக்கி சூட்டில் கசிந்து வெளியே வரும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது இன்னும் மோசம். ஜன்னல் பக்கம் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். பத்து வருடம் கழித்துத் திறக்கும்போது உள்ளே இருப்பது வாங்கிய பொருளாக இருக்காது.

"அது முதலீடு" என்கிறார்கள். சரி, முதலீடு என்றே வைப்போம். விற்கும் நோக்கத்தோடு வாங்கி வைத்த பொருள் வியாபாரப் பொருள். நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் அதன் சந்தைப் பெறுமதியில் இரண்டரை வீதம் ஸகாத் உண்டு என்பதே பெரும்பான்மையான உலமாக்களின் கருத்து. விலையைக் குழுமத்தில் போட்டுப் பெருமை பேசும் சகோதரர்கள் எத்தனை பேர் அந்தக் கணக்கையும் எழுதுகிறார்கள்? கேட்டால் "இது சும்மா ஆசைக்கு வாங்கினது" என்பார்கள். ஊருக்கு முன்னால் முதலீடு, ஸகாத் கணக்குக்கு முன்னால் ஆசை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

இப்போது மற்றக் கட்சிக்கு வருவோம். பொம்மை என்றாலே சிலை என்று பாய்கிறவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறோம். அபூதாவூதில் வருகிறது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் பொம்மைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் துணித் துண்டால் செய்த சிறகு வைத்த குதிரை ஒன்றும் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள், குதிரைக்குச் சிறகா என்றும் கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்று ஆயிஷா (ரழி) சொன்னபோது கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். உலகில் இல்லாத ஒரு கற்பனைப் பிராணி, அதற்கு ஒரு கதை, கேட்டவர் முகத்தில் சிரிப்பு. விளையாட்டுப் பொருளை வீட்டுக்குள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதே ஆயிஷா (ரழி) உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அந்தத் துணியை வெட்டித் தலையணை ஆக்கியதும் வீட்டிலேயே இருந்தது. உயர்த்தி மாட்டி வைப்பதற்கும் புழக்கத்தில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று உலமாக்களில் பலர் இதிலிருந்து விளங்கியிருக்கிறார்கள். பொம்மைக்கான சலுகை சிறுவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னவர்களும் உண்டு. நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை, அதற்கு மௌலவிமார் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு ஹதீஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு கை கழன்று கிடக்கும் கிரெண்டைசர் விளையாட்டுச் சாமான். ஹோலின் நடுவில், உயரத்தில், லைட் போட்டு, பிள்ளை தொட்டால் அடி விழும் என்று வைத்த கிரெண்டைசர் பற்றித்தான் பயப்பட வேண்டும். ஏச வேண்டிய இடம் பொம்மை அல்ல, அந்த அலுமாரி.

"ரியாதிலேயே கிரெண்டைசருக்குச் சிலை வைத்திருக்கிறார்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். 2022இல் 33.7 மீற்றர் உயரத்தில் உலோகத்தால் வைத்தார்கள், கின்னஸ் சாதனையும் ஆனது. கதையில் உள்ள றோபோவைவிட அது உயரம். ஆனால் ஒரு நாட்டின் களியாட்ட விழாவில் வைத்தது நமக்கு மார்க்க ஆதாரமும் அல்ல, பொம்மையின் தரத்துக்கு அத்தாட்சியும் அல்ல.

வீண்விரயம் என்று சொல்பவர்களின் கவலையில் நியாயம் உண்டு. பல பத்தாயிரம் ரூபா கொடுத்துத் தொடாமல் வைப்பது விரயம்தான். ஆனால் அதற்காகப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு "நாங்கள் பொம்மை வாங்குவதில்லை" என்று பெருமைப்படுவதும் தீர்வல்ல. விலை குறைந்த வழியும் உண்டு. 1980இல் ஜப்பானில் கண்டம் றோபோவின் முதல் பொருத்து மொடல் 300 யென்னுக்கு வந்தது. 18 மீற்றர் றோபோ, 144இல் ஒரு பங்கு. அது எத்தனை சென்ரிமீற்றர் என்று பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், பன்னிரண்டரை வரும். இன்றைய மொடல்களுக்குப் பசையும் வேண்டாம், வெட்டிப் பொருத்தினால் போதும். மூட்டு எப்படி அசைகிறது என்று ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். சோகோகின் பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதையும் மறக்க வேண்டாம். பறக்கும் கையும் சின்னத் துண்டுகளும் மூன்று வயதுப் பிள்ளையின் தொண்டைக்கு ஆபத்து.

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் துரத்தப்பட்டு நமது ஊருக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஊர் அழிந்து, பெயர் மாறி, அந்நிய மண்ணில் மாடு மேய்த்தவன் மறுபடி எழுந்து நின்ற கதை அந்தப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். தங்கள் மூத்தம்மாவிடம் "நீங்க வரும்போது என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்கவும் அது வழி திறக்கும். அந்தக் கதையைச் சொல்லாமல் "தொடாதே, விலை கூடினது" என்று மட்டும் சொன்னால், பிள்ளை படிக்கும் பாடம் விலை ஒன்றுதான்.

வாங்கியவர்கள் பெட்டியைத் திறவுங்கள். பிள்ளையோடு நிலத்தில் இருந்து மூட்டை அசைத்துப் பாருங்கள், கதையைச் சொல்லுங்கள். பூச்சு உதிரட்டும், கை கழரட்டும், மறுபடி பொருத்தலாம். இனி வாங்க நினைப்பவர்கள், தொட்டு விளையாட விட மனமிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு ஹலாலான தேவைகள் ஊரில் நிறைய உண்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஏச்சு வேண்டாம், ஆதாரம் வேண்டும்.

வஸ்ஸலாம்.