மலைக்கேற்ற வண்டி எது?

கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கத்தில் வாழும் தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்திருக்கிறது. காலையில் இறங்குவது எளிது; மாலையில் ஏறுவதுதான் துன்பம். பஸ் வண்டி நேரத்துக்கு வருவதில்லை. நாள்தோறும் முச்சக்கர வண்டி பிடித்தால் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். மகள் மின்சாரத் துவிச்சக்கர வண்டி வேண்டுமென்கிறாளாம். “இரண்டு காப்புகளை அடகு வைத்து வாங்கிக் கொடுக்க எண்ணியிருக்கிறேன், எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

காப்பை அடகு வைத்து வாங்கும் பொருளுக்கு அரைகுறையாக யோசனை சொல்லலாகாது. நாமும் இதில் ஒருமுறை சூடு கண்டவர்கள்தாம். 2022ஆம் ஆண்டிலே பெற்றோல் வரிசையில் நின்று கால் கடுத்தபோது, மின்சார வண்டி வாங்கிவிடுவதென்று முடிவு கட்டிக் கடைக்குச் சென்றோம். ஒருமுறை மின்னேற்றினால் 50 கிலோமீற்றர் ஓடும் என்றார் கடைக்காரர். ஏறிப் பார்க்கவும் சொன்னார். வாவிக்கரையைச் சுற்றி வந்தோம். தென்றலில் மிதப்பது போலிருந்தது. நல்லவேளையாகப் பணம் கொடுக்குமுன் நம் வீட்டுப் பாதையிலும் ஏறிப் பார்க்கத் தோன்றிற்று. இரண்டாவது வளைவில் மோட்டார் முனகிற்று, மூன்றாவதில் நின்றேவிட்டது. இருபத்தைந்து கிலோ பாரமுள்ள வண்டியை நாம் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்ட கொழுந்துக்காரப் பெண்மணி ஒருவர், “என்னங்க ஐயா, வண்டிக்குச் சுகமில்லையா?” என்று அன்போடு விசாரித்தார்!

வண்டியின்மேல் குற்றமில்லை. அது சமதரைக்காகச் செய்யப்பட்டது. அதன் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலே அமைந்திருந்தது. சக்கரம் மெதுவாகும்போது அத்தகைய மோட்டாரும் மெதுவாகிறது. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. மிதிகட்டைகளுக்கு நடுவே மோட்டார் பொருத்திய வண்டி வேறு வகை. அதன் வலு சங்கிலி வழியாகவும் கியர் வழியாகவும் சக்கரத்தைச் சேர்வதால், சிறிய கியரை மாற்றிக்கொண்டு மோட்டார் தன் போக்கிலே சுழலலாம். செங்குத்தான பாதைக்கு இதுவே உகந்தது. விலை கூடுதல், சங்கிலியும் விரைவில் தேயும். மிதமான மேடு என்றால், வலுவான சக்கர மோட்டாரும் போதும். கடையில் 250 வாற்று, 500 வாற்று என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி மேட்டை அளக்க வேண்டாம். முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பற்றரி பற்றி அம்மையார் மிகவும் அஞ்சுகிறார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகள், வண்டி, புத்தகப்பை எல்லாமாக 100 கிலோ என்றும், நகரிலிருந்து வீட்டுக்கு 200 மீற்றர் உயரம் என்றும் கொள்வோம். அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 55 வாற்று மணி சக்தி வேண்டும். வீணாவதையும் பாதையின் உராய்வையும் சேர்த்து 100 என்றே வைப்போம். 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி என்று குறித்த பற்றரியில் 360 வாற்று மணி உண்டு. அப்படியானால் சாதாரண பற்றரியே மூன்று நாள் ஏற்றத்துக்குத் தாங்கும். 50 கிலோமீற்றர், 80 கிலோமீற்றர் என்ற ஆசை வார்த்தைகளுக்காகப் பெரிய பற்றரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பானேன்? அந்தப் பணத்தைப் பிறேக்கிலே போடுவது மேல்.

ஆம், பிறேக்குத்தான் நம் முதற் கவலை. மேலே ஏறுவதற்குச் செலவான அந்த 55 வாற்று மணியும் காலையில் இறங்கும்போது பெரும்பாலும் பிறேக்கிலேயே சூடாக மாறவேண்டும். மழையில் நனைந்த சக்கர வளையத்தை ரப்பர் கட்டை பிடிக்கும் பழைய முறை இதற்குப் போதாது. இரு சக்கரத்திலும் தட்டுப் பிறேக்கு வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதாயின், சிறிய கைகளுக்கும் இரு விரல் போதும். கம்பியால் இயங்குவது மலிவு. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரும் முடுக்கித் தருவார். அடிக்கடி முடுக்கத்தான் வேண்டும்.

இன்னுமொன்று, கடைக்காரர்கள் பேசாதது. மகள் சேலை கட்டிப் பாடசாலை செல்பவள். முந்தானை பின்சக்கரத்தில் சிக்கினால் என்னாகும் என்று நாம் விவரிக்க விரும்பவில்லை. சங்கிலி முழுவதும் மூடப்பட்டிருக்கிறதா, பின்சக்கரத்தின் இருபுறமும் வலை பொருத்தலாமா, குறுக்குக் குழாய் இல்லாமல் எளிதில் ஏறியிறங்கும் சட்டமா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் வேறு எந்தச் சிறப்பும் வேண்டாம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளும் வழக்கமும் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. வண்டியோடு தந்த மின்னேற்றியையே பயன்படுத்துக. மலையேறி வந்த சூட்டோடு மின்னேற்ற வேண்டாம். எல்லோரும் உறங்கும் வேளையிலும், வாசற்கதவருகிலும் வேண்டாம். மாற்றுப் பற்றரி கடையில் கிடைக்குமா, என்ன விலை என்பதை இப்போதே கேட்க. மிதிக்காமலே ஓடும் வண்டியென்றால், பதிவும் அனுமதிப்பத்திரமும் தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே பணம் கொடுக்க.

காப்புகளை அடகுக் கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு மாலைவேளை மகள் சேலையுடனும் புத்தகப்பையுடனும் அந்த வண்டியிலேயே வீட்டுப் பாதையில் ஏறட்டும். பற்றரி நிறைந்திருக்கும்போதல்ல, பாதி குறைந்திருக்கும்போது; நிறைந்த பற்றரியில் எந்த வண்டியும் வீரம் காட்டும். மிகச் செங்குத்தான வளைவிலே நிறுத்திவிட்டு மீண்டும் புறப்பட்டுப் பார்க்கவேண்டும். திரும்பி இறங்கும்போது அதே இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். இவ்விரண்டும் கைகூடினால் வாங்கலாம். ஏறிப் பார்க்கக் கடைக்காரர் இசையாவிட்டால், கண்டியில் வேறு கடைகளும் உண்டு. எந்த வண்டி வந்தது என்று அம்மையார் நமக்கும் ஒரு வரி எழுதுவாராக.