வேப்பிலையும் வெள்ளி முகமும்

ஆடி பிறந்துவிட்டால் திருவேற்காட்டுச் சாலைகளுக்கு வேறொரு நிறம் வந்துவிடுகிறது. மஞ்சள் புடைவையும் வேப்பிலையுமாக நடந்து வருவோர், பால்குடம் ஏந்தியோர், தெருமுனையில் கூழ் அண்டா, ஒலிபெருக்கியில் அம்மன் பாடல். கருமாரி அம்மன் கோயிலைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே எழுத முற்படுவது, அதே ஆடியில் வீட்டுக்குள்ளே கூடத்து மூலையிலோ அலமாரித் தட்டிலோ அம்மனுக்கென்று ஒழித்துக் கொடுக்கப்படும் மூன்றடி இடத்தைப் பற்றி. அந்த மூன்றடியை அலங்கரிப்பது குறித்து நம் இலக்கிய இதழ்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கோலப் புத்தகத்துக்கும் சமையற்குறிப்புக்கும் பக்கத்தில் வைக்க வேண்டிய பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கல் சரியன்று என்பது நம் கருத்து. சங்கம் தொட்டுத் தமிழ்க் கவிதை பார்த்து வந்திருக்கும் காட்சிகளுள் ஒன்று அது. இன்று நம் கண்ணெதிரே பொருள் மாறி வருவதும் அதுவே.

முதலில் அந்த மூலை எப்படி அமைகிறது என்று பார்ப்போம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, திருவேற்காடு எனச் சென்னையின் மேற்குப் புறத்தில் பல தலைமுறையாக வாழும் குடும்பங்களில், கூழ் வார்க்கும் நாளன்று வீட்டைக் கழுவி, சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். அதன்முன் ஒரு மணைப்பலகை, அதில் மாக்கோலம். வாழையிலையில் பச்சரிசி பரப்பி, மஞ்சள் பூசிய செம்பை அதன்மேல் வைப்பார்கள். செம்பின் வாயில் வேப்பங்கொத்து. நடுவே தேங்காயோ எலுமிச்சையோ. செவ்வரளிச் சரம் ஒன்று, மடித்துச் சாத்திய புடைவை ஒன்று, விளக்கு ஒன்று. முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவை நொய்யோடு சேர்த்துக் காய்ச்சிய கூழும், சின்ன வெங்காயமும், முருங்கைக்கீரையும், பல வீடுகளில் கருவாட்டுக் குழம்பும் படையல். அவ்வளவுதான். மறுநாள் செம்பு அடுக்களைக்குத் திரும்பிவிடும். அரிசி உலைக்குப் போகும். வேப்பிலை மரத்தடிக்குப் போகும். சுவரில் மஞ்சள் மட்டும் அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் மங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது தமிழ் பயின்றோர்க்குத் திருமுருகாற்றுப்படை நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே குறமகள் முருகனுக்குக் களம் அமைக்கிறாள். கோழிக்கொடி நடுகிறாள், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்புகிறாள், செந்நூல் கட்டுகிறாள், வெண்பொரி சிதறுகிறாள், பசுமஞ்சளும் நறுமணப் பொருளும் தெளிக்கிறாள், செவ்வலரி மாலையை அறுத்துத் தொங்கவிடுகிறாள். குருதி கலந்த அரிசியை விட்டுவிட்டால், மற்றவற்றுள் பலவற்றைத் திருவேற்காட்டுக் கடைத்தெருவில் இன்றும் ஒரே கடையில் வாங்கிவிடலாம். கணவீரம் என்று நாம் உரை சொல்லி நடத்தும் சொல்லுக்குப் பொருள், கோயில் வாசலில் முழம் போட்டு விற்கும் அரளிதான்.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எயினர் தம் குலத்துக் குமரி ஒருத்தியையே கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். பன்றியின் வளைந்த கொம்பு அவளுக்குப் பிறை. புலிப்பல் அவளுக்குத் தாலி. வரியும் புள்ளியும் உள்ள விலங்கின் தோல் அவளுக்கு மேகலை. கையில் வில் கொடுத்துக் கலைமான்மீது ஏற்றுகிறார்கள். இவற்றுள் ஒன்றும் விலைக்கு வாங்கியதன்று. அவர்கள் நிலத்தில் திரிந்தவை, அவர்கள் கையால் எடுத்தவை. தம்மிடம் இருப்பதைக் கொண்டு தம் தெய்வத்தைச் செய்துகொள்வது என்னும் இலக்கணம் அங்கே தெளிவாக இருக்கிறது. பாலை நிலத்தார்க்குப் புலிப்பல் எதுவோ, புறநகரத்துக் கூலிக் குடும்பத்துக்கு வேப்பங்கொத்து அது.

அந்த வேப்பங்கொத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் அது ஊருக்கு அறிவிப்பு. இவ்வீட்டில் ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், சத்தம் செய்யாதே, தாளிக்காதே, தூய்மையின்றி உள்ளே வராதே என்று அந்த ஒரு கொத்து சொல்லிவிடும். படுத்திருப்பவரின் பாயைச் சுற்றி வேப்பிலை, தலைமாட்டில் செம்பு நீர், மஞ்சள். நோயாளியின் படுக்கையே சில நாள் அம்மனின் பீடமாக இருந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை கண்டவர் இல்லை. 1980-இல் உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குக் காரணம் தடுப்பூசி. இதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் நோய் போன பின்னும் கொத்து நிற்கிறது. எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த அச்சமும், பிழைத்தெழுந்தவரைப் பார்த்த நன்றியும் அதில் உறைந்திருக்கின்றன. ஆடிச் செம்பில் வேப்பிலை செருகும் கை, தான் அறியாமலே அந்த நினைவையும் செருகுகிறது.

இதற்கு அருகே இன்னொரு மரபும் வந்து அமர்ந்திருக்கிறது: வரலட்சுமி நோன்பு. ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில் வருவது. சில ஆண்டுகளில் ஆடியிலேயே வந்துவிடும். கலசத்தில் அரிசி, காதோலை, கருகமணி, எலுமிச்சை, காசு. மேலே மாவிலையும் தேங்காயும். தேங்காயில் பொருத்திய வெள்ளி முகம். பின்னே தாழம்பூ வைத்த பின்னல். வாசலிலிருந்து அம்மனை அழைத்து வந்து மண்டபத்தில் அமர்த்துவார்கள். ஒன்பது முடிச்சிட்ட சரடு கட்டிக்கொள்வார்கள். புனர்பூசை முடிந்தபின் அந்த முகத்தை அரிசிப் பானைக்குள் வைப்பது வழக்கம். வெள்ளி முகமும் கடைசியில் அடுக்களைக்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டும் மேற்குப் புறநகரில் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே மூலையில் கலந்திருக்கின்றன. காரணம் தெளிவு. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபின் தமிழகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் இங்கே குடும்பங்கள் குடியேறின. தெற்கத்தியார் முளைப்பாரியின் நினைவோடு வந்தார்கள். தஞ்சைப் பக்கத்தார் கலசத்தோடு வந்தார்கள். உள்ளூரார் கூழோடு இருந்தார்கள். சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலும், புற்றிலிருந்து எழுந்தவள் என்று தலக்கதை சொல்லும் கருமாரியின் கோயிலும் ஒரே ஊரில் இருப்பதைப் போலவே இதுவும். சிற்றூர்த் தெய்வங்களாகக் கருதப்பட்ட அம்மன்களை நகரத்து நடுத்தர வர்க்கம் தனதாக்கிக்கொண்ட கதையை அமெரிக்க ஆய்வாளர் ஜோன் பன்ஸோ வாக்ஹார்ன் 2004-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தக் கலப்பை நாம் குறை சொல்லவில்லை. கலந்து கலந்துதான் எந்த வழிபாடும் உயிர் வாழ்கிறது.

நம் கவலை வேறு. கலப்பில் எது எதை விழுங்குகிறது என்பதே அது.

கடந்த சில ஆண்டுகளில் ஆடி தொடங்கும் முன்பே கடைகளில் குவிபவற்றைப் பாருங்கள். கண்ணும் மூக்குத்தியும் கிரீடமும் பொருத்திய ஆயத்த முகங்கள். கை கால்களோடு புடைவை கட்டி நிற்கும் கலச உடல்கள். நெகிழியில் மாவிலைத் தோரணம், நெகிழியில் சாமந்திச் சரம், நெகிழியில் வேப்பிலையே கூட. பின்னணிக்குப் பளபளக்கும் திரை, சுற்றிலும் மின்மினி விளக்கு. அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது; ஆனால் அது வளர்த்துவிட்ட கண் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கே வந்து அலங்காரம் செய்து கொடுத்துப் பணம் பெறுவோரும் வந்துவிட்டார்கள். அவர்கள் பிழைப்பை நாம் பழிக்கவில்லை. ஆயினும், செய்து முடித்த அலங்காரம் முதலில் யார் கண்ணுக்குப் போகிறது? அம்மனுக்கு விளக்கு ஏற்றும் முன்பே கைபேசி ஏந்தி நிற்கிறோம்.

வேட்டுவ வரியைப் பாடம் நடத்திய ஒரு நாளில், உங்கள் வீட்டில் அம்மனுக்கு என்ன வைப்பீர்கள் என்று வகுப்பில் கேட்டோம். பலரும் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "எங்க வீட்டுல இப்ப வைக்கிறது இல்லீங்க ஐயா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன விடை: "முகம் இல்ல. வெறும் சொம்பு வச்சா, பாக்க வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்கன்னு அம்மா விட்டுட்டாங்க." தலைமுறை தலைமுறையாக அந்தச் சொம்புதான் அம்மன். வெள்ளி முகம் இல்லாததால் அது வெறும் சொம்பு ஆகிவிட்டது. நாம் சொல்ல வந்த பொருள் முழுவதும் இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. ஆடம்பரம் கூடக்கூட அழகு கூடுகிறதோ இல்லையோ, எளிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடியற்காலையில் வேப்பிலை தேட நேரம் ஏது? அடுக்குமாடியில் மரம் ஏது? வாடகை வீட்டுச் சுவரில் மஞ்சள் பூச வீட்டுக்காரர் விடுவாரா? நோன்பு நாளில் பூ விற்கும் விலையில் ஒரு முழம் வாங்குவதே பெரும்பாடு. நெகிழிச் சரத்தை ஒரு முறை வாங்கினால் ஐந்து ஆண்டு வருமே என்றால், அதில் நியாயம் இருக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பெண்களைக் குற்றம் சொல்லும் பேச்சு நமக்கு உடன்பாடன்று. அலங்காரத்தின் சுமை முழுவதையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, அது மரபுப்படி இல்லை என்று சாய்வு நாற்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்வது ஆண்களுக்கு எளிது.

வைத்து வைத்து எடுப்பதே குற்றம் என்றால் நவராத்திரிக் கொலுவை என்ன செய்வது என்றும் கேட்கலாம். பண்ணுருட்டி பொம்மையும் மரப்பாச்சியும் பாட்டி காலத்திலிருந்து பரணில் இருப்பவைதாமே? உண்மை. ஆனால் கொலுவிலும் வாடும் பங்கு ஒன்று உண்டு. படியோரத்தில் சிறு மண்பரப்பில் கடுகும் கேழ்வரகும் விதைத்து முளைவிடச் செய்கிறோம். நாளுக்கொரு சுண்டல் செய்து தீர்க்கிறோம். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, முடிந்தது என்று சொல்கிறோம். பொம்மை நிலைக்கிறது, கொலு கலைகிறது. கலைப்பதும் சடங்கின் பகுதியே.

வீட்டு அம்மன் அலங்காரத்தின் உயிர் அது வாடுவதில் இருக்கிறது என்பதே நம் வாதம். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதனுக்குப் பூக்கொண்டு சென்றார் என்று வைணவ மரபு போற்றுகிறது. நேற்றைய பூ இன்றைக்கு ஆகாது என்பதனால்தான் அந்த நடைக்குப் பொருள் வந்தது. வாடும் பொருளை வைப்பவர் மீண்டும் வர வேண்டும், மீண்டும் கையால் தொட வேண்டும். வாடாத பொருள் அந்தக் கடமையிலிருந்து நம்மை விடுவிக்கிறது, உறவிலிருந்தும் விடுவிக்கிறது. கலைத்த பின் வேப்பிலை மண்ணாகும், அரிசி சோறாகும். நெகிழித் தோரணம் நிறம் வெளுத்தபின் எங்கே போகிறது என்பதற்குத் திருவேற்காட்டை ஒட்டி ஓடும் கூவத்தைப் பார்த்தாலே போதும்.

ஆகவே, செய்யத்தக்கது கடினமானதன்று. இருக்கும் வெள்ளி முகத்தை எவரும் எறிய வேண்டாம்; அது பாட்டி கொடுத்ததாக இருக்கலாம், அதற்கும் நினைவு உண்டு. ஆனால் ஒரு கொத்தேனும் உண்மையான இலை இருக்கட்டும். சுவருக்கு மாற்றாக ஒரு மணைப்பலகையில் மஞ்சள் பூசலாம். மாவிலை கட்டுவதை வீட்டு ஆண்மக்கள் செய்யட்டும், மாக்கோலத்தைப் பிள்ளைகள் கோணலாகவே இடட்டும். மயிலாப்பூரின் செல்வச் செழிப்புக்கு நடுவே முண்டகக்கண்ணி அம்மன் இன்றும் ஓலைக்கூரையின் கீழேதான் இருக்கிறாள். அவளைப் பார்த்து, வெறும் கூரை என்று எவரும் சொல்வதில்லை. அந்த மரியாதையை நம் தெருவில் அடுத்த வீட்டுச் சொம்புக்கும் தர வேண்டும். ஆடி வெள்ளியில் தாம்பூலம் வாங்கிக்கொள்ள அழைத்தால், முகம் இருக்கிறதா என்று பாராமல் போய் உட்கார்ந்து, கூழ் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு வரலாம். எளிய சொம்புக்கு வேண்டியது அவ்வளவே.