விழாப் படம் என்று ஒரு சாதி

டிசம்பர் பிறந்தால் சங்கீத சபாச் செய்திகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் வரும். சென்னை சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிவிட்டது, 50-க்கும் மேற்பட்ட நாடுகள், 100-க்கும் மேற்பட்ட படங்கள் என்று. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-ல் தொடங்கிய விழா இது. தமிழக அரசும் நிதி கொடுத்து வந்திருக்கிறது. நல்ல விழா. நானும் சில வருஷம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறேன். விழாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எட்டு நாள் சென்னைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "இதெல்லாம் விழாப் படம், நம்ம ஜனங்களுக்கு ஒத்துவராது" என்று மிச்சத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் மேல்தான் கோபம்.

இந்தத் தீர்ப்பைச் சொல்வது டீக்கடை நண்பர்கள் மட்டுமல்ல. 2024 ஆகஸ்டில் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' வந்தபோது, இந்த மாதிரிப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, விழாக்களோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று திரையுலகத்துக்கு உள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. அதே வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிற கதை. அந்த வெயில் ராட்டர்டாம்காரனுக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா? ஆனால் அவன் அதைப் பெரிய திரையில் பார்த்தான். நாம் இரண்டு வருஷம் கழித்துக் கைப்பேசியில் பார்த்தோம். அதுவும் பேரன் போட்டுக் கொடுத்தால்தான்.

விழாப் படம் என்று தனியாக ஒரு சாதி கிடையாது. உலகத்தில் யாராவது ஒருவருடைய பிழைப்பைப் பற்றிய படம், அவ்வளவுதான். அது இன்னொருவருக்குப் புரியுமா என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

இத்தாலியில் விஸ்கோந்தி 1948-ல் 'லா தெர்ரா த்ரேமா' என்று ஒரு படம் எடுத்தார். நிலம் நடுங்குகிறது என்று அர்த்தம். சிசிலித் தீவில் ஆச்சி த்ரெட்சா என்ற மீனவக் கிராமம். நடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே, ஒரு நடிகர்கூடக் கிடையாது. ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து பிடித்து வந்த மீனுக்குக் கரையில் நிற்கிற மொத்த வியாபாரி சொல்வதுதான் விலை. இது பொறுக்காமல் அந்தோனி என்கிற இளைஞன் வீட்டை வங்கியில் அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறான். (படத்தில் ந்தோனி என்பார்கள். நம் ஊரில் தெருவுக்கு நாலு அந்தோனி இருப்பதால் நான் அந்தோனி என்றே எழுதுகிறேன்.) முதல் பாடு அமோகம். வீடு முழுக்க நெத்திலி. பெண்டுகள் எல்லாம் கூடிச் சிரித்துக்கொண்டே பீப்பாய் பீப்பாயாக உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். பிறகு ஒரு புயல். படகு போயிற்று. உப்புப் போட்ட நெத்திலியை வியாபாரி சொன்ன அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. வீடும் போயிற்று. கடைசியில் அந்தோனி அதே வியாபாரிகளிடம், அவர்கள் சிரிக்கச் சிரிக்க, கூலிக்குப் போய் நிற்கிறான்.

முன்பணம் வாங்கிய பாவத்துக்கு, பிடித்த மீனையெல்லாம் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆட்களை நாம் பார்த்ததில்லையா? திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையா? சினிமாப் படிப்புப் படித்தவர்கள் இதில் நியோ ரியலிசத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நம் ஆட்கள் கணக்கு வழக்கைப் பார்ப்பார்கள். இரண்டில் எது ஆழமான ரசனை என்று என்னைக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மீனவர்கள் பேசியது சிசிலிப் பேச்சு. இத்தாலியின் மற்றப் பகுதிக்காரர்களுக்கே அது புரியவில்லை. அதனால் இத்தாலிய மொழியில் பின்னணி விளக்கம் சேர்த்தார்கள். மக்களுக்குப் புரியாது என்று படத்தைப் பெட்டியில் வைத்து மூடவில்லை. புரியும்படி ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த படம் என் தொழில் சம்பந்தப்பட்டது. செனகல் நாட்டு செம்பேன் 1968-ல் எடுத்த 'மந்தாபி'. செம்பேன் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு நாவலாசிரியர். தன் ஜனங்களுக்கு வாசிக்கத் தெரியாதபோது புத்தகம் எழுதி என்ன பயன் என்றுதான் சினிமாவுக்கு வந்தார். படத்தின் கதை ஒரு மணியார்டர். பாரிஸிலிருந்து மருமகன் அனுப்பிய பணத்தை வாங்க வேலையில்லாத பெரியவர் ஒருவர் தபால் நிலையத்துக்குப் போகிறார். அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறந்த தேதி அவருக்கே சரியாகத் தெரியாது. போட்டோ, முத்திரைத்தாள், நாளைக்கு வா, அடுத்த மேசைக்குப் போ. கடைசியில் படித்த உறவுக்காரன் ஒருவன் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிப் பணத்தையே விழுங்கிவிடுகிறான்.

எனக்குப் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழி. அதனால், வொலோஃப் மொழி பேசுகிற அந்தப் பெரியவரிடம் அலுவலகத்து ஆட்கள் பிரெஞ்சில் எப்படி வெட்டிப் பேசுகிறார்கள் என்பது சப்டைட்டில் இல்லாமலேயே எனக்கு உறைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் மற்றதெல்லாம் எந்த மொழியிலும் உறைத்திருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைந்தவர்கள் இதைப் பார்த்தால் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவார்கள். ஆப்பிரிக்கப் படம் என்பதே பாதியில் மறந்துபோகும்.

இங்கேதான் இரண்டாவது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பூட்டு சென்னை, இரண்டாவது பூட்டு ஆங்கிலம். விழாவில் படம் எந்த மொழியில் இருந்தாலும் அடியில் ஓடுவது ஆங்கில எழுத்து. பாரசீகம், கொரியம், போர்ச்சுகீசியம் எல்லாம் வரலாம், ஆனால் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் எழுத்து மறைந்துவிடுகிறது. எனக்கே இப்படி என்றால் உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு எப்படி? உலக சினிமா தமிழ்நாட்டுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேலாகிறது, தமிழில் சப்டைட்டில் போட வேண்டும் என்பதை ஓர் உரிமையாக யாரும் உரக்கக் கேட்கவில்லை. திருக்குறளை உலக மொழிகளுக்கெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று பேசுகிறோம். ஒரு படத்தின் வசனத்தைத் தமிழுக்குக் கொண்டுவர நாலு மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டோமா?

2015-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'தீபன்' படத்தை எடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். படத்தில் பெரும்பகுதி பேச்சு தமிழ். நாயகனாக நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரையில் நடந்த யுத்தத்தில் எல்லாம் இழந்து, பாரிஸ் புறநகரில் காவலாளி வேலை பார்க்கிற ஒருவனின் கதை. தமிழ் பேசுகிற அந்தப் படத்தை நம்மில் எத்தனை பேர் பெரிய திரையில் பார்த்தோம்?

ஊர் ஊராகக் கொண்டுபோவது நடக்கிற காரியமா என்பார்கள். 1905-ல் திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பிரெஞ்சு ஊமைப்படம்தான் அவருடைய மூலதனம். அந்தக் காலத்து ஜனங்களிடம், "இது உங்களுக்குப் புரியாது" என்று அவர் சொல்லவில்லை. ஓர் அலுவலக உத்தியோகஸ்தர் தன்னந்தனியாகச் செய்ததை இன்று ஓர் அரசாங்கத்தால் செய்ய முடியாதா?

பக்கத்திலேயே பாருங்கள். கேரளத்தின் திரைப்பட விழா 1996 முதல் நடக்கிறது. திருவனந்தபுரம் நமக்குச் சென்னைத் தொலைவில் பாதிகூட இல்லை. கொரோனாக் காலத்தில், 2021-ல், கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்று அந்த விழாவைத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நாலு ஊர்களில் நடத்தினார்கள். தலச்சேரி ஒன்றும் பெருநகரமல்ல, நம்மைவிடச் சின்ன ஊர்.

நம் அரசும் புத்தகத் திருவிழாவை மாவட்டந்தோறும் கொண்டுவந்துவிட்டது. தூத்துக்குடியில் 2022-ல் நெய்தல் கலை விழா நடந்தபோது கரகத்துக்கும் பறைக்கும் கூடிய கூட்டத்தை நாம் பார்த்தோம். புத்தகம் வரலாம், பறை வரலாம், படம் மட்டும் வரக்கூடாதா? சார்லஸ் தியேட்டர் காலத்திலிருந்து படம் பார்த்துப் பழகிய ஊர் இது. சந்திரபாபு பிறந்த ஊர். நாடக உலகத்துக்கே தலைமை ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது இந்த மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில். அவர் பெயரில் விருது கொடுத்து ஆண்டுதோறும் திரைப்பட விழா நடத்துவது, அவர் கண்மூடிய புதுச்சேரி. 'பரியேறும் பெருமாள்' எடுத்த நம் மாவட்டத்துப் பிள்ளை மாரி செல்வராஜுக்கு அந்த விருதைக் கொடுத்ததும் அவர்கள்தான். எனக்கு இரண்டு ஊரும் சொந்தம் என்பதால் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளுக்குள் உறுத்துகிறது.

எப்போது நடத்துவது என்பதற்கும் எனக்கு ஒரு யோசனை உண்டு. டிசம்பர் மழை நமக்கு வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். பகலில் வெயில் தாங்காது, ஆகவே இருட்டிய பிறகு, கடல் காற்றில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய திரை கட்டலாம். முதல் நாள் 'லா தெர்ரா த்ரேமா'. அடியில் தமிழ் எழுத்து, வாசிக்க முடியாதவர்களுக்கு ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல ஓர் ஆள். பிரெஞ்சுப் படங்களுக்கு அந்த ஆளாக நானே வருகிறேன். சம்பளம் வேண்டாம், முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.