பாறை ஆராய்ச்சியும் பாவூர்சத்திரத்துக் கிணறுகளும்

தென்காசியினின்றும் திருநெல்வேலிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையாற் பெயர்பெற்ற ஊர். அங்கே வந்து குவியும் கத்தரியும் வெண்டையும் அவ்வட்டாரத்து மண்ணும் கிணற்று நீரும் அளித்த கொடை. அவ்வூரின் செல்வம் முழுவதும் நிலத்தின் மேற்பரப்பில் உள்ளது. உலகத்து வல்லரசுகள் இன்று நாடித் திரிவதோ நிலத்தின் ஆழத்திலுள்ள செல்வத்தை. இவ்விரண்டும் ஒருநாள் எதிர்ப்படுமாயின் நாம் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பது குறித்து மாணவ அன்பர்களுக்குச் சில கூற விரும்புகின்றேன்.

சுண்ணாம்புக் கல் என்றவுடன் நம்மவர்க்குத் தாழையூத்துச் சிமெண்டு ஆலை நினைவிற்கு வரும். அக்கல், பண்டைக் கடலடியிற் படிந்த சுண்ணம் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி அமைந்தது. தோற்றத்தில் அதனை ஒத்த மற்றொரு கல் உண்டு. அது பூமியின் ஆழத்தினின்று குழம்பாய் எழுந்து உறைந்தது. 1921-ஆம் ஆண்டில் நார்வே தேசத்துப் பூகர்ப்ப சாஸ்திரியாகிய பிரெக்கர் என்பார் அதற்குக் கார்பனடைட் எனப் பெயரிட்டனர். சுண்ணம் நெருப்புக் குழம்பாய் வருதல் கூடுமோ என்று அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1960-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஓல்டோயின்யோ லெங்காய் எரிமலையில், சோடா மிகுந்த அத்தகைய குழம்பு ஓடுதலைக் கண்கூடாகக் கண்ட பின்னரே ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று.

இக்கல்லின் பெருமை அதன் சுண்ணத்தில் இல்லை. அதனோடு கலந்து வருவனவற்றில் உள்ளது. ஆழத்துக் குழம்பு உறையுங்கால், வேறு பாறைகளிற் புக இடமின்றி நின்ற அருமண் உலோகங்களும் நியோபியமும் அதன்கண் வந்து திரளும். நியோபியம் டன் ஒன்றுக்குச் சில நூறு கிராம் சேர்ந்தாலே எஃகின் வலிமை பெருகும். அருமண்களுள் ஒன்றாகிய நியோடிமியம் வலிய காந்தங்களுக்கு உயிர்; செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழல்வன போன்ற காற்றாலைகளுள்ளும் சிலவகை இக்காந்தத்தைக் கொண்டவை. உலகிற்கு வேண்டும் நியோபியத்தில் பத்தில் ஒன்பது பங்கு பிரேசில் தேசத்தினின்றே வருகிறது. அங்குள்ள அரக்ஷா கார்பனடைட் அதற்குத் தலைமையான ஊற்று. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கமோ 1949-இல் யுரேனியம் தேடிப் போனவர்க்கு அகப்பட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது பிறிதொன்று!

நம் நாட்டிலும் இவ்வகைப் பாறை இல்லாமற் போகவில்லை. திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவாத்தூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும் கார்பனடைட் உண்டு. சேவாத்தூர்ப் பாறையின் வயது ஏறத்தாழ 77 கோடி ஆண்டு. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்து வந்தது வெர்மிகுலைட் என்னும் அபிரக வகையை. சூடேற்றினால் புழுப்போல் நெளிந்து விரிவதால் அதற்கு அப்பெயர். நியோபியம் பொதிந்த பைரோகுளோர் என்னும் கனிமமும் அங்கு உண்டு; அதனோடு யுரேனியமும் சேர்ந்திருப்பதை மறத்தலாகாது. நமக்கு இன்னும் அணித்தே, தேனி மாவட்டத்துக் கம்பம்மெட்டில், ஏறத்தாழ 247 கோடி ஆண்டுப் பழமையுடைய கார்பனடைட் உளது. அதுவும் குற்றாலத்தைத் தாங்கி நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. தென்காசிப் பக்கமாகவோ அச்சன்கோவில் பிளவு மண்டலம் தென்கிழக்கு நோக்கிச் செல்கிறது. ஆழத்துக் குழம்புகள் ஏறிவர இத்தகைய பழம் பிளவுகளே வழியாதலின், ஆராய்ச்சியாளர் இம்மலையடிவாரத்தில் கருத்துச் செலுத்துதல் வியப்பன்று.

ஈண்டு இருவகைக் கருத்துகள் எழுகின்றன. சுத்தியலும் துளைப்பொறியும் ஊருக்குள் வரவே கூடாது என்பர் ஒரு சாரார். அவர்தம் அச்சம் வெற்றச்சம் அன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனஸைட்டைக் கண்டது முதல், தென்கரை மக்கள் மணல் அள்ளுதலின் பயனையும் துன்பத்தையும் ஒருங்கே கண்டவர்கள். (அந்நாளில் அம்மோனஸைட் வேண்டப்பட்டது காஸ் விளக்கின் வலைக்கே.) எனினும் யான் இவர்களோடு உடன்படேன். ஆராய்தல் வேறு, அகழ்தல் வேறு. காலடியில் உள்ளது இன்னதென்று அறியாத ஊர், அறிந்தவன் ஒருவன் பத்திரத்தோடு வரும்போது வாதாட வகையற்று நிற்கும்.

மற்றொரு சாரார், தேசத்திற்கு இவ்வுலோகம் இன்றியமையாதது, ஆதலின் ஊராரைக் கேட்க வேண்டுவதில்லை என்பர். இது முன்னதினும் பெரும் பிழை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் நிலம் 2024 நவம்பரில் ஏலத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. மக்கள் திரண்டெழவே, 2025 ஜனவரியில் அவ்வேலம் ரத்தாயிற்று. முன்னரே ஊரைக் கூட்டிப் பேசியிருப்பின் அக்காலக் கேடும் மனக்கசப்பும் நேர்ந்திரா. அவ்வாறிருக்க, 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமங்கட்கும் நியோபியம் முதலிய இன்றியமையாக் கனிமங்கட்கும் உரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாவென விலக்களித்தது. இவ்விலக்கைத் திரும்பப் பெறுதலே நீதி. தேசத்தின் அவசரம் எத்துணைப் பெரிதாயினும், கிணற்று நீரைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை அக்கிணற்றுக்காரனுக்கு உண்டு.

அவசரமும் மெய்யே என்பதை ஒப்புகிறேன். 2025 ஏப்ரலில் சீனம் அருமண் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது பல தேசத்து மோட்டார் ஆலைகள் கலங்கின. ஆனால் சீனத்தின் கை ஓங்கி நிற்பது பாறையால் மட்டுமன்று. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த பதினைந்து பதினாறு உலோகங்களை அமிலத்தாற் கரைத்துத் தனித்தனியே பிரித்தெடுக்கும் வித்தையால். அவ்வித்தை இல்லாதவன் கல்லைக் கல்லாகவே விற்பான். 2023 அக்டோபரில் விதித்தபடி, அருமண்களுக்கு அரசு பெறும் உரிமைத் தொகை அவற்றின் ஆக்சைடு விலையில் நூற்றுக்கு 1 பங்கு. நியோபியத்திற்கு 3 பங்கு. அமிலக் கழிவு தங்கும் ஊருக்கு இதில் எவ்வளவு வந்து சேரும் என்று கணக்கு மாணவர் கணித்துப் பார்க்கலாம்.

ஆதலின் ஆராய்ச்சிக்கு வருவோர் எவராயினும், துளைத்த இடங்களையும் கண்ட அளவுகளையும் தமிழில் எழுதி ஊராட்சி மன்றத்தில் ஒட்டுதல் வேண்டும்; துளைகளை அடைத்துச் செல்லுதல் வேண்டும். நம் கல்லூரி செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. பின்னாளில் நீர் கெட்டதென்று ஊரார் முறையிட்டால், முன்பு எப்படியிருந்தது என்று காட்டு என்பதே முதற் கேள்வியாய் வரும். அதற்கு விடை ஏட்டில் இருத்தல் வேண்டும். ரசாயன மாணவரும் பௌதிக மாணவரும் கூடி, தென்காசி முதல் பாவூர்சத்திரம் வரை இருபது கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாரிக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம், உப்பு, புளோரைடு, கதிரியக்கம் ஆகியவற்றை அளந்து ஒரு பேரேட்டிற் பதிவார்களாக. ஒரு படி கல்லூரி நூலகத்திலும், மற்றொரு படி அவ்வவ்வூர் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். வருகின்ற கோடை விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம்.