நிலக்கம்பி என்று சொல்லுங்கள்!

காவிரி தழுவும் சேடர்பாளையத்தைச் சூழ்ந்த ஊர்களில் கரும்பு பிழிந்து வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள் பல உள. அன்று எருதுகள் சுற்றிய ஆலையை இன்று மின்னோடி சுழற்றுகின்றது. ஆலையின் காலடியில் சாறு சிந்திய ஈரம். அருகே கொப்பரை கொதிக்கும் அடுப்பு. எங்கும் கரும்புச் சக்கை. இவற்றினூடே மின்வடத்தை எவ்வழி கொண்டு செல்வது என்பது உழைப்பாளியின் உயிர்ச் சிக்கல்.

உருளைகள் அதிர அதிர, இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உராயும் வடத்தின் காப்புறை தேய்கின்றது. உள்ளிருக்கும் செம்புக்கம்பி சட்டத்தைத் தொட்டால் பொறி முழுவதும் மின்னேறும். நிலத்தோடு இணைக்கும் பச்சைக்கம்பியும் கசிவு முறிப்பியும் செவ்வனே இருப்பின், மின்னோட்டம் நிலத்திற்குப் பாய்ந்த நொடியே இணைப்பு அறும். அவை இல்லையேல், ஈரத்தில் வெறுங்காலோடு நின்று சட்டத்தைத் தொடுபவனின் உடலே கம்பியாகும்!

எனவே வடத்தைச் சக்கையடியில் தரையில் போடாதீர்கள். குழாயினுள் செலுத்தி, சூட்டுக்கும் சுழலும் உறுப்புகளுக்கும் எட்டாதவாறு கவ்வியால் பிணையுங்கள். இரும்புத் துளையில் வடம் நுழையுமிடத்தில் ‘ரப்பர்’ எனப்படும் தொய்வ வளையம் இடுங்கள்.

இவற்றையெல்லாம் சொல்ல வேண்டிய கையேடு எம்மொழியில் வருகின்றது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்! பச்சைக்கம்பியை ‘எர்த்து’ என வாய்ப்பாடமாகக் கற்ற நம் இளைஞனுக்கு அச்சொல் எதையும் உணர்த்துவதில்லை. அஃதில்லாமலும் பொறி ஓடுவதைக் காண்கின்றான்; வேண்டாத கம்பியென விட்டுவிடுகின்றான். ‘நிலக்கம்பி’ என்று கற்பித்திருந்தால், நிலத்திற்குச் செல்ல வேண்டியது இதுவென அப்பெயரே அறிவுறுத்தியிருக்கும்.

இடர்ப் பலகை இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அம்மாவட்ட மொழியிலும், மண்டையோட்டுக் குறியுடன் இருத்தல் வேண்டும் என 1956ஆம் ஆண்டின் இந்திய மின்னாற்றல் நெறிகளே கட்டளையிட்டன. நடுவண் மின்னாற்றல் ஆணையம் 2010இலும் 2023இலும் வகுத்த ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கின்றது. சாவை அறிவிக்கத் தமிழ் வேண்டும். சாவைத் தடுக்கத் தமிழ் வேண்டாவோ? அப்பலகையிலும் ‘அபாயம்’ என்னும் வடசொல்லே அமர்ந்திருப்பது தனிக்கொடுமை!

தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு பொறிக்கும் தமிழ்க் கையேடு வேண்டுமென அரசு சட்டம் இயற்றட்டும். அதுவரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. மின்பணி அறிந்த தோழர்களே! இந்நெறிகளை ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதி உங்கள் ஊர் ஆலைக் கொட்டகையில் ஒட்டுங்கள். தமிழ் வாழ்க என முழங்குவதோடு, தமிழன் வாழவும் வழி செய்வோம்!